அவசரப்படாத கட்டி

கோவில்பட்டிப் பக்கம் வயிறு சரியில்லை என்று ஒருவர் வாய்திறந்தால் போதும், பாதி வைத்தியம் டீக்கடை பெஞ்சிலேயே முடிந்துவிடும். "வாயுவா இருக்கும்", "சூடு பிடிச்சிருக்கு, ஒரு இளநி குடி", "அல்சர்ப்பா, வெறும் வயித்துல காபி குடிக்காத". மீதிப் பாதி மெடிக்கலில் முடியும். நெஞ்சு எரிச்சலுக்கு ஒரு அட்டை பான்டோப்ரசோல், வயிற்றால் போனால் நிறுத்துவதற்கு ரெண்டு மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு இது தப்பாகப் போவதும் இல்லை. அவர்களுக்கு உள்ளபடியே வாயுதான், அல்சர்தான். அந்தப் பெரும்பாலானவர்களின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி வருவதுதான் கார்சினாய்ட் கட்டியின் வழக்கம்.

நம் குடலின் உட்சுவர் நெடுகிலும், நுரையீரலின் காற்றுக்குழாய்களிலும் ஒரு தனி ரகச் செல்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. நரம்பு கொடுக்கும் சைகையை வாங்கிக்கொண்டு ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் இவை. நியூரோஎண்டோகிரைன் செல்கள் என்று பெயர். சாப்பாடு வந்ததும் குடல் அசைய வேண்டும், செரிமான நீர் ஊற வேண்டும் என்று சொல்லி அனுப்புவது இவற்றின் வேலை. இந்தச் செல்களில் முளைக்கும் கட்டியைத்தான் கார்சினாய்ட் என்றார்கள். இன்றைய ரிப்போர்ட்டுகளில் நியூரோஎண்டோகிரைன் டியூமர் என்றோ, சுருக்கமாக 'நெட்' என்றோ எழுதியிருக்கும். நுரையீரல் கட்டிக்கு மட்டும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

மற்றப் புற்றுநோய்கள் பலவும் மாதக்கணக்கில் ஆளை உருக்கும்போது, இது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நகர்கிறது. அதுவே அதன் நல்ல குணம், அதுவே கெட்ட குணம். நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பன்னாட்டுக் கணக்கெடுப்புகளில், முதல் தொந்தரவுக்கும் சரியான நோய்க்கணிப்புக்கும் இடையே சராசரியாக நான்கைந்து ஆண்டுகள் ஓடியிருந்தன. கரிசல் காட்டில் அந்த நான்கைந்து ஆண்டுகள் எங்கே போகும் என்று ஊகிப்பது கடினமல்ல. வாயு மாத்திரைக்கும் கை நாடிக்கும் கோயில் நேர்ச்சைக்கும் இடையில் போகும்.

நாட்டிங்ஹாம் பெண்ணின் வயிற்றுப்போக்கு

1890-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் ரான்சம் என்ற மருத்துவர் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார். சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு, கூடவே அவ்வப்போது மூச்சிரைப்பு. இறந்த பிறகு பார்த்தால் சிறுகுடலில் கட்டி, ஈரலிலும் கட்டிகள். பேதிக்கும் இரைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. இன்று அந்தக் குறிப்பைப் படிக்கும் எந்த மருத்துவ மாணவரும் விடையைச் சொல்லிவிடுவார்.

1907-ல் ஜெர்மன் நோய்க்கூறு மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர் சிறுகுடலில் இப்படிப்பட்ட சிறு கட்டிகளைத் தொகுத்துப் பார்த்து, இவை புற்றுநோய் மாதிரி தோன்றினாலும் சாதுவானவை, பரவாதவை என்ற முடிவுக்கு வந்தார். கார்சினாய்ட் என்ற பெயர் அவர் வைத்ததுதான். அவரே 1929-ல், பரவும் கட்டிகளும் இவற்றில் உண்டு என்று தன் முடிவைத் திருத்திக்கொண்டார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் யூதர் என்பதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். திருத்தம் வந்தது பலருக்குத் தெரியாமலேயே போனது, முதலில் சொன்ன 'சாது' என்ற சொல் மட்டும் பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் மனதில் தங்கிவிட்டது.

முடிச்சு அவிழ்ந்தது 1950-களில். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடல் செல்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட் குழு ரத்தத்திலிருந்து ஒன்றைப் பிரித்து 1948-ல் செரோடோனின் என்று பெயரிட்டது. இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. 1953-ல் ஃப்ரெட் லெம்பெக் கார்சினாய்ட் கட்டிக்குள்ளேயே செரோடோனினைக் கண்டார். அடுத்த ஆண்டு ஸ்வீடனில் தோர்சன், வால்டன்ஸ்ட்ரோம் உள்ளிட்டவர்கள் பேதி, முகச் சிவப்பு, இரைப்பு, இதய வால்வுக் கோளாறு எல்லாவற்றையும் ஒரே நோயின் உறுப்புகளாகச் சேர்த்து எழுதினார்கள். கார்சினாய்ட் சிண்ட்ரோம் என்று அது அறியப்படுகிறது. நாட்டிங்ஹாம் பெண்ணுக்கு 64 ஆண்டுகள் கழித்து நோயின் பெயர் கிடைத்தது.

செரோடோனின் என்றால் மூளை, மகிழ்ச்சி என்று பத்திரிகைகள் எழுதிப் பழக்கிவிட்டன. உடம்பில் உள்ள செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. குடலை அசைப்பது அதன் அன்றாட வேலை. கட்டி அதை அளவில்லாமல் கொட்டும்போதுதான் வினை. அப்போதும் உடனே தெரியாது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் ஈரல் வழியாகத்தான் போயாக வேண்டும். சுங்கச்சாவடி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஈரல், வருகிற செரோடோனினைச் சிதைத்து அனுப்பிவிடும். கட்டி ஈரலுக்கே பரவி, அங்கிருந்து நேரடியாகப் பொது ரத்தத்தில் கலக்கத் தொடங்கினால்தான் சிண்ட்ரோம் தலைகாட்டும். ஆகவே முகம் காந்துவது, பேதி என்று ஒருவர் வரும்போது நோய் அநேகமாகக் குடலைத் தாண்டியிருக்கும். கட்டி உள்ள எல்லோருக்கும் சிண்ட்ரோம் வருவதும் இல்லை. ஐந்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே வருகிறது.

கறுத்த முகத்தில் சிவப்பு

ஸ்வீடன்காரர்கள் எழுதிய அந்த முகச் சிவப்பு வெள்ளைத்தோலில் பார்த்து எழுதப்பட்டது. பாடப்புத்தகப் படங்களிலும் செக்கச்செவேல் என்ற ஐரோப்பிய முகங்களே இருக்கும். சித்திரை வெயிலில் பருத்தி எடுத்துக் கறுத்த முகத்தில் அந்தச் சிவப்பை எங்கே தேடுவது? நம் ஆட்களிடம் அது கண்ணுக்குத் தெரிவதைவிட, அவர்கள் சொல்லித்தான் தெரியும். "முகம் காந்துது", "திடீர்னு தீ பட்ட மாதிரி ஏறி இறங்குது", "காது கழுத்தெல்லாம் கொதிக்கு". சில நிமிடங்களில் அடங்கிவிடும். மருத்துவர் முன்னால் உட்காரும்போது ஒன்றும் இருக்காது.

45, 50 வயதுப் பெண் இதைச் சொன்னால் மாதவிலக்கு நிற்கிற காலம் என்று முடித்துவிடுவார்கள். ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. மாதவிலக்கு நிற்கும்போது வரும் சூட்டில் வியர்த்துக் கொட்டும். கார்சினாய்ட் சூடு பெரும்பாலும் வியர்வையில்லாமல் வறண்டு வரும். ஆணாக இருந்தால் வேறு சங்கடம். மது இதைத் தூண்டிவிடும் என்பதால், கொஞ்சம் குடித்தாலும் முகம் ஜிவ்வென்று ஏறும். "குடிச்சா அப்படித்தான்" என்று வீட்டில் சண்டை வருமே தவிர, வைத்தியம் நடக்காது. காரமும் வயிறு முட்டச் சாப்பிடுவதும் சிலருக்குத் தூண்டும். விளாத்திகுளம் மிளகாய் விளையும் சீமையில், காரம் சாப்பிட்டு முகம் சிவந்தது என்று யாராவது டாக்டரிடம் போவார்களா?

பேதிக்கும் ஓர் அடையாளம் உண்டு. சாதாரண வயிற்றுக் கோளாறு, சாப்பாட்டை நிறுத்தினால் தணியும், தூக்கத்தில் எழுப்பாது. செரோடோனின் உந்தும் பேதி பட்டினி கிடந்தாலும் நிற்காது, நடுராத்திரியிலும் எழுப்பும், தண்ணீராகப் போகும். வாரக்கணக்கில் இப்படிப் போனால், அடுத்த மாத்திரை வாங்குவதை நிறுத்திவிட்டு ஜி.எச்.-க்கோ திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போய், பட்டினியிலும் போகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நோயாளி அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் மருத்துவரின் யோசனையே வேறு பக்கம் திரும்பும்.

இந்தப் பேதி ஒரு மனிதரின் நாளை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்ணை நினைத்துக்கொண்டால் போதும். விடிவதற்கு முன் ஊருக்கு வரும் கம்பெனி வண்டி, வழி நெடுகக் காடு, அத்தனை பெண்களுக்கும் சேர்த்து இருக்கும் ஒன்றிரண்டு கழிப்பறைகள், எத்தனை முடித்தோம் என்று பார்த்துக் கொடுக்கும் கூலி. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை ஓட வேண்டியவர் முதலில் செய்வது காலைச் சாப்பாட்டை நிறுத்துவது. அப்புறம் தண்ணீரைக் குறைப்பது. அப்புறம் வேலையையே நிறுத்துவது. கல்யாண வீடு, திருச்செந்தூர்ப் பயணம் எல்லாம் அதற்கு முன்பே நின்றிருக்கும். வீட்டில் கேட்டால் "மேலுக்கு முடியலை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பேதியைப் பற்றிப் பேசுவதில் உள்ள கூச்சம் நோயை இன்னும் ஓராண்டு ஒளித்துவைக்கும்.

சோளமும் கட்டியும்

கரிசல் மண்ணோடு இந்த நோய்க்கு எதிர்பாராத இடத்தில் ஓர் உறவு இருக்கிறது. உணவு வழியாக.

செரோடோனினை உடம்பு டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. வழக்கமாக, சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபேனில் ஒரு சதவீதம் அளவுக்கே இதற்குச் செலவாகும். மீதியில் ஒரு பங்கிலிருந்து நியாசின் என்னும் பி3 வைட்டமின் உருவாகிறது. கார்சினாய்ட் கட்டி பெருத்த நோயாளியிடம் டிரிப்டோஃபேனில் பாதிக்கும் மேல் செரோடோனினுக்கே போய்விடலாம். நியாசின் வறண்டுபோகும். விளைவு பெலாக்ரா. வெயில் படும் கை, கால், கழுத்துத் தோல் கறுத்துத் தடித்து வெடிக்கும், வயிறு கழியும், மனம் குழம்பும்.

பெலாக்ரா இந்தியாவில் முக்கியமாகச் சோளம் சாப்பிட்டவர்களின் நோயாக அறியப்பட்டது. தக்காணத்தின் சோளச் சீமைகளில் அதை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி 1958-ல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த உணவூட்ட ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதே டிரிப்டோஃபேனின் போக்கைக் கெடுக்கிறது என்று சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தையாவுடன் சேர்ந்து 1960-ல் லான்செட் இதழில் எழுதினார். அந்த விளக்கம் பின்னால் விவாதத்துக்கும் உள்ளானது. ஆனால் பெலாக்ரா என்றால் மக்காச்சோளம் மட்டும்தான் என்றிருந்த உலகத்தின் பார்வையை அது மாற்றியது.

நம் கரிசலும் சோளச் சீமைதான். 1901-லிருந்து கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் சோளமும் பருத்தியும் ஆராய்ந்துவந்த இடம். இன்றைக்குக் கோவில்பட்டிப் பக்கம் ரேஷன் அரிசி வந்து சோளக்கஞ்சி அபூர்வமாகிவிட்டது, பெலாக்ராவும் பழங்கதை ஆகிவிட்டது. அதனாலேயே ஓர் ஆபத்து. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்தத் தோலைக் கண்ணால் பார்த்ததில்லை. காட்டு வேலை செய்பவரின் கையும் கழுத்தும் கறுத்து வெடித்திருந்தால் வெயில் என்றுதான் யாருக்கும் தோன்றும். அரிசியும் பருப்பும் வயிறாரச் சாப்பிடுகிறவருக்கு, குடிப்பழக்கமும் இல்லாதவருக்கு பெலாக்ரா வந்தால் உள்ளே யாரோ டிரிப்டோஃபேனைத் திருடுகிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். மாத்திரையாக நியாசின் கொடுத்தால் தோல் ஆறும். திருடன் அப்படியே இருப்பான்.

சளியில் ரத்தம்

நுரையீரல் கார்சினாய்ட் தனி நாடகம். காற்றுக்குழாய்க்குள் உருண்டையாக வளர்ந்து அடைத்துக்கொள்ளும் இந்தக் கட்டியில் ரத்தநாளங்கள் அதிகம். இருமினால் ரத்தம் வரலாம். ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம் கேட்கலாம். அதே நுரையீரலின் அதே மூலையில் திரும்பத் திரும்பக் காய்ச்சலோடு சளி கட்டலாம். உலகத்தின் காசநோயாளிகளில் கால்வாசி இந்தியாவில்தான். எனவே ரத்தம் கலந்த சளி என்றதும் காசநோய் மருந்து ஆரம்பிப்பதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. இரைப்பு என்றால் ஆஸ்துமா, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர் என்றால் மருந்துத்தூசி, கந்தக நெடி. எல்லாமே நியாயமான சந்தேகங்கள்தான். சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, மருந்து முழுக்கச் சாப்பிட்டும் நிழல் மாறவில்லை, இன்ஹேலர் அடித்தும் விசில் ஒரே பக்கத்தில் நிற்கிறது என்றால் அடுத்து சி.டி. ஸ்கேனும், குழாய்விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியும் தேவை.

புகைபிடிக்காத, நடுவயதைக்கூட எட்டாத ஆட்களுக்கும் இது வருகிறது. சாதாரண ரகக் கார்சினாய்டை அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் உடைந்துபோகும் குடும்பத்திடம் இந்தக் கணக்கை முதலில் சொல்வது நல்லது.

நடிகரும் நிறுவனரும்

இந்தியாவில் இந்த நியூரோஎண்டோகிரைன் குடும்பத்து நோயின் பெயர் தெருவுக்கு வந்தது 2018 மார்ச் மாதம். தனக்கு ஏதோ அரிய நோய் என்று நடிகர் இர்ஃபான் கான் அறிவித்ததும், வதந்திகள் மூளைக்கட்டி வரை போயின. மார்ச் 16 அன்று நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று அவரே தெரிவித்தார். நியூரோ என்று வருவதெல்லாம் மூளையைப் பற்றியது அல்ல என்றும் சேர்த்துச் சொன்னார். லண்டனில் சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பி, 'அங்ரேஸி மீடியம்' படத்தில் நடித்து முடித்தார். 2020 ஏப்ரல் 29 அன்று மும்பையில் இறந்தபோது அவருக்கு வயது 53.

ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003 அக்டோபரில் கணையத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே குடும்பத்துக் கட்டிதான். உணவு முறையாலும் மாற்று வைத்தியத்தாலும் சரிசெய்யப் பார்த்து, ஒன்பது மாதம் கழித்து 2004 ஜூலையில்தான் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். 2009-ல் ஈரல் மாற்று, 2011 அக்டோபரில் மரணம். அந்த ஒன்பது மாதம் எவ்வளவு கெடுத்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பணத்துக்குப் பஞ்சமில்லாத மனிதரும் பத்தியத்தை நம்பி நாள் கடத்தினார் என்பது, நாட்டு வைத்தியத்துக்குப் போகும் நம் ஜனங்களைத் திட்டுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இந்த இரண்டு கதைகளும் ஒரு தப்பான எண்ணத்தையும் விட்டுச்சென்றன. இது பெரிய மனிதர்களின் அபூர்வ நோய் என்ற எண்ணம். அமெரிக்கப் பதிவேடுகளில் 1973-ல் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 1.09 ஆக இருந்த நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் 2012-ல் 6.98 ஆகியிருந்தன. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் பெருகியதால் கண்டுபிடிப்பது கூடியிருப்பது ஒரு முக்கியக் காரணம். தேடினால் கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

பாட்டிலில் போட்ட குடல்வால்

அப்படியானால் கோவில்பட்டியில் எங்கே தேடுவது? பெட் ஸ்கேன் மெஷினைத் தேடிப் போவதற்கு முன்னால், எந்தச் சின்ன ஊரிலும் நடக்கும் ஓர் ஆபரேஷனைப் பார்க்க வேண்டும். குடல்வால்.

வலது அடிவயிற்றில் வலி, அப்பண்டிஸ், உடனே எடுக்கணும் என்று சொல்லி எடுப்பார்கள். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் விரல் நீளத் துண்டைக் காட்டுவார்கள். பிறகு அந்தத் துண்டு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எடுக்கப்படும் குடல்வால்களில் ஏறத்தாழ 300-க்கு ஒன்றில், யாரும் எதிர்பாராமல் கார்சினாய்ட் இருக்கிறது. பெரும்பாலும் நுனியில், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியதாக. ஆபரேஷன் செய்யும் கையாலும் அதைத் தடவி உணர முடியாமல் போகலாம். ஃபார்மலினில் போட்டுப் பயாப்ஸிக்கு அனுப்பினால்தான் தெரியும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே, முழுதாக எடுக்கப்பட்டுவிட்டது என்று ரிப்போர்ட் வந்தால் சிகிச்சை ஏற்கெனவே முடிந்துவிட்டது. குடல்வாலை எடுத்ததே வைத்தியம். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், அல்லது அடிப்பகுதியில் இருந்தால், பெருங்குடலின் வலப்பாகத்தையும் நிணநீர்க் கணுக்களையும் எடுக்கும் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். இடைப்பட்ட அளவில் மருத்துவர்கள் பல விஷயங்களைச் சீர்தூக்கி முடிவெடுப்பார்கள். எப்படியானாலும் முடிவெடுக்க ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாள்தான் இங்கே தொலைகிறது. சில இடங்களில் செலவை மிச்சம்பிடிக்கத் துண்டை அனுப்புவதே இல்லை. அனுப்பினாலும் பத்து நாள் கழித்து வரும் ரிப்போர்ட்டை வாங்க ஆள் வருவதில்லை. தையல் பிரித்தாயிற்று, வலி போயிற்று, இன்னொரு பஸ் செலவு எதற்கு? இது குடும்பத்தின் தவறு என்று மட்டும் சொல்ல முடியாது. "ரிப்போர்ட் வரட்டும், நாங்கள் போன் செய்கிறோம்" என்று ஆஸ்பத்திரி சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். சொல்லாத இடத்தில் நோயாளியின் வீட்டார்தான் கேட்க வேண்டும்: துண்டைப் பயாப்ஸிக்கு அனுப்பினீர்களா, ரிப்போர்ட் எப்போது?

வயிற்றில் வேறு எங்காவது கட்டி என்று எடுத்த துண்டிலும் இதே கதை. நியூரோஎண்டோகிரைன் என்று ரிப்போர்ட்டில் வந்தால், கூடவே ஒரு எண்ணும் வர வேண்டும். கே.ஐ.-67 என்பது அது. நூறு கட்டிச் செல்களில் எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு. 3 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதல் தரம், மெதுவானது. 3-லிருந்து 20 வரை இரண்டாம் தரம். 20-க்கு மேல் மூன்றாம் தரம், வேகமானது. ஒரே பெயர் கொண்ட நோயில் ஒருவர் இருபது ஆண்டு வாழ்வதும் இன்னொருவர் ஓராண்டில் போவதும் பெரும்பாலும் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. உள்ளூர் லேபில் அந்தச் சோதனை இல்லையென்றால், திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கை வாங்கி மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பலாம். பிளாக் நோயாளி கேட்டால் கிடைக்க வேண்டிய பொருள். பீரோவில் பத்திரப் பதிவுக் கட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் தகுதி அதற்கு உண்டு.

சிறுகுடல் கட்டியில் இன்னொரு தொல்லை. வாய்வழியே விடும் டியூபும் பின்வழியே விடும் டியூபும் சிறுகுடலின் பெரும்பகுதியைப் பார்ப்பதில்லை. இரண்டும் நார்மல் என்று வந்ததும் "மனசுதான் காரணம்" என்று சொல்லிவிடுவது சுலபம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கி, உப்பி, தானாக அடங்கும் வலி மாதக்கணக்கில் வந்து போனால், குடலைத் தாங்கும் சவ்வைக் கட்டி சுருக்கி இழுத்திருக்கக்கூடும். அதை சி.டி. ஸ்கேன் காட்டும்.

வாழைப்பழம் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்

செரோடோனின் சிதைந்தால் 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற பொருளாகச் சிறுநீரில் வெளியேறும். 24 மணி நேரச் சிறுநீரை ஒரே கேனில் பிடித்து அளப்பது பழைய, இன்றும் பயன்படும் சோதனை. சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் கூடாது. இவற்றில் செரோடோனின் இயல்பாகவே இருப்பதால் அளவு பொய்யாக ஏறும். தக்காளியும் கத்தரிக்காயும் இல்லாமல் கோவில்பட்டியில் குழம்பு வைப்பது எப்படி என்று வீட்டில் கேட்பார்கள். மூன்று நாள்தான். பாராசிட்டமாலும் சில இருமல் டானிக்குகளும் சோதனையைக் குழப்பும், அவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரத்தத்தில் குரோமோகிரானின் என்ற புரதத்தையும் பார்ப்பார்கள். இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த மாத்திரை அட்டை திரும்ப வருகிறது. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் ரகங்களைத் தொடர்ந்து விழுங்குபவர்களுக்கு, கட்டியே இல்லாவிட்டாலும் இந்த அளவு பல மடங்கு ஏறும். இந்த மாத்திரையை மருந்துக்கணக்கில் சேர்க்காமல், மளிகைக்கணக்கில் சேர்த்துவிட்ட வீடுகள் நிறைய. "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள்.

டிராம்பேயிலிருந்து வரும் மருந்து

கட்டி ஓரிடத்தில் இருந்தால் எடுத்துவிடுவதே முதல் வைத்தியம். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் சிண்ட்ரோம் உண்டு என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுக்கும்போதோ கட்டியைத் தொடும்போதோ ஹார்மோன் மொத்தமாகக் கொட்டி ரத்த அழுத்தம் தாறுமாறாக விழும் அபாயம் இருப்பதால், அதை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியைக் கையோடு தயாராக வைப்பார்கள்.

சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இதயத்தின் வலப்பக்க வால்வுகள் தடித்துப்போகலாம். நுரையீரல் செரோடோனினைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் இடப்பக்கம் பெரும்பாலும் தப்பிக்கிறது. கால் வீக்கம், வயிற்றில் நீர் என்று தொடங்கும் இதை எக்கோ சோதனை முன்கூட்டியே காட்டும். எந்த ஜில்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் எளிய சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்வதில் கஷ்டமில்லை.

பரவிய நோய்க்கு இந்தியாவில் ஒரு நல்ல வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. கட்டிச் செல்களின் மேல் சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் நிறைய இருக்கும். அந்த ஏற்பியில் போய் ஒட்டும் மூலக்கூறோடு கதிரியக்க காலியத்தைக் கட்டி அனுப்பினால், பெட் ஸ்கேனில் கட்டி எங்கெங்கே இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். அதே மூலக்கூறோடு லுட்டீசியம்-177-ஐக் கட்டி அனுப்பினால், கட்டியைத் தேடிப் போய் அங்கேயே கதிர்வீச்சு கொடுக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வளர்ந்த இந்தச் சிகிச்சையை 229 பேரிடம் சோதித்த முடிவுகள் 2017-ல் வந்தன. 20 மாதம் கழித்து நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் லுட்டீசியம் குழுவில் 65.2 சதவீதம், அதிக அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்ற குழுவில் 10.8 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள்.

லுட்டீசியம்-177-ன் அரை ஆயுள் ஏழு நாளுக்கும் குறைவு. தயாரித்து வெகுநாள் வைத்திருக்க முடியாது. இந்தியா அதை மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் தானே தயாரிக்கிறது. மும்பையின் கதிரியக்க மருத்துவ மையம் இந்தச் சிகிச்சையை ஏராளமானோருக்குக் கொடுத்து அனுபவம் பெற்ற இடம். தமிழ்நாட்டில் சென்னை, வேலூர் போன்ற ஊர்களின் பெரிய அணு மருத்துவத் துறைகளில் விசாரிக்கலாம். வழக்கமாக எட்டு வார இடைவெளியில் நான்கு முறை. முதல்வரின் காப்பீட்டு அட்டையில் சிகிச்சையின் எந்தெந்தப் பகுதிக்கு அனுமதி கிடைக்கும் என்பதை, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே காப்பீட்டுக் கவுண்ட்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பலருக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவைப்படாது. மாதம் ஒருமுறை போடும் நீடித்துச் செயல்படும் ஆக்ட்ரியோடைடு ஊசியே பேதியையும் காந்தலையும் அடக்கி, கட்டியின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்தி வைக்கும். ஆண்டுக்கணக்கில் இதிலேயே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பக்கவிளைவாகப் பித்தப்பையில் கல் சேரலாம், சர்க்கரை ஏறியிறங்கலாம், இடுப்பில் போட்ட இடம் வலிக்கும்.

விலைக்கு அடுத்தபடியாகப் படுத்தும் விஷயம் ஊசியின் பக்குவம். 2-லிருந்து 8 டிகிரிக்குள் குளிரில் வைக்க வேண்டிய மருந்து இது. மே மாத வெயிலில் மதுரையிலிருந்து பஸ்ஸில் வாங்கி வருகிறவர் ஐஸ் பெட்டியோடு வர வேண்டும். போடுவதற்கு அரைமணி, ஒருமணி நேரம் முன்னால் வெளியே எடுத்து அறைச்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பொடியில் திரவத்தை ஊற்றி, அது ஊறும்வரை சில நிமிடம் அசைக்காமல் விட்டு, பிறகு கலக்கி, உடனே போட்டுவிட வேண்டும். தாமதித்தால் ஊசிமுனை அடைத்துக்கொள்ளும், ஒரு மாத மருந்து வீணாகும். இதைக் கற்றுக்கொண்ட நர்ஸ் ஒருவர் கோவில்பட்டியிலேயே இருந்தால், கயத்தாறிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் வரும் நோயாளிகள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு மத்தியானம் வேலைக்குப் போய்விடலாம்.